சதுப்பு ஹனிசக்கிள்: அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்டாரியோவில் ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றும் தன்னார்வ வேலைகளில் முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் ஹனிசக்கிள்தான். வெட்ட வேண்டிய செடியும்கூட. ஆனால் அதே குடும்பத்தில், அதே எதிரெதிர் இலைகளோடு, அதே சிவப்புப் பழங்களோடு, இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிறிய குத்துச்செடி ஈரநிலங்களில் நிற்கிறது. களை என்று நினைத்து அதையும் சேர்த்து வெட்டிவிட்டால் திரும்ப வருவது கஷ்டம். டொராண்டோ பக்கமிருந்து இந்த வேலைகளுக்கு வரும் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை வைத்துத்தான் இந்தப் பக்கம்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம்?

லோனிசெரா ஆப்லாங்கிஃபோலியா. லோனிசெரா என்பது ஹனிசக்கிள் பேரினத்தின் அறிவியல் பெயர். இந்தச் செடியை ஆங்கிலத்தில் ஸ்வாம்ப் ஃபிளை ஹனிசக்கிள் என்பார்கள். இங்கே சுருக்கமாக சதுப்பு ஹனிசக்கிள் என்று சொல்லிக்கொள்ளலாம். கொடி அல்ல, குத்துச்செடி. நன்றாக வளர்ந்தாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவது அபூர்வம், பெரும்பாலும் இடுப்பளவுதான்.

நியூ பிரன்ஸ்விக், கியூபெக் தொடங்கி ஒன்டாரியோ வழியாக மனிடோபா வரை உண்டு. தெற்கே மெய்ன், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா வரை போகிறது. அதன் எல்லையின் தென்கோடியில், குறிப்பாக பென்சில்வேனியாவில், மிகவும் அரிதாகிவிட்டது. இதை முதலில் அறிவியல் முறையில் விவரித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கோல்டி. 1819-ல் மாண்ட்ரியாலிலிருந்து கிளம்பிப் பெரும்பகுதி நடந்தே இந்தப் பிரதேசத்தைச் சுற்றியவர்; இந்தச் செடியின் விவரத்தை 1822-ல் வெளியிட்டார். பிறகு குடும்பத்தோடு வந்து ஒன்டாரியோவிலேயே குடியேறினார்.

எப்படிப்பட்ட இடத்தில் தேட வேண்டும்?

"சதுப்பு" என்று சொன்னதும் எல்லா ஈரநிலமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மழைநீரை மட்டுமே நம்பியிருக்கும், அமிலத்தன்மை அதிகமான, ஸ்பாக்னம் பாசி மெத்தை போட்டது போலிருக்கும் இடம் பாக். நிலத்தடி நீர் ஊறி வந்து, கூடவே சுண்ணாம்பு போன்ற தாதுக்களையும் கொண்டுவரும் இடம் ஃபென். சதுப்பு ஹனிசக்கிளுக்கு இரண்டாவதுதான் மிகவும் பிடித்த இடம். சீடர் மரங்களும் டாமராக் மரங்களும் நெருங்கி நிற்கும் ஈரக் காடுகளிலும், அவற்றின் வெளிச்சம் விழும் ஓரங்களிலும்கூட வளரும். டாமராக் என்பது குளிர்காலத்தில் ஊசியிலைகளை உதிர்த்துவிடும் ஊசியிலை மரம். அது நிற்கும் இடத்தைப் பார்த்தால் நின்று தேடலாம்.

பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதும் உதவும். மஞ்சள் பூப் பூக்கும் குத்துச் சின்க்ஃபாயில், குட்டையான பாக் பிர்ச், கசக்கினால் மணக்கும் ஸ்வீட் கேல், பூச்சி பிடிக்கும் குடுவைச்செடி, ஜூனில் பூக்கும் பெரிய லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட். இவற்றில் சிலவாவது கண்ணில் பட்டால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

ஃபென் எப்படி இருக்கும் என்று கால் நனையாமல் பார்க்க ஆசைப்பட்டால், ஹ்யூரன் ஏரிக்கரையில் புரூஸ் தீபகற்பத்தை ஒட்டியிருக்கும் ஆலிஃபன்ட் ஃபென்னில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பாக் பார்க்க வேண்டுமென்றால் ஒட்டாவா அருகே மேர் ப்ளூ. இரண்டையும் ஒரே கோடையில் பார்த்துவிட்டால் வித்தியாசம் மனதில் பதிந்துவிடும். படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது எளிது.

எனக்கு எல்லாக் குத்துச்செடியும் ஒன்றுபோலத் தெரிகிறது. ஹனிசக்கிள்தான் என்று முதலில் எப்படி உறுதி செய்வது?

இலைகளைப் பாருங்கள். ஒரு கணுவில் இரண்டு இலைகள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். ஒன்று இந்தப் பக்கம், கொஞ்சம் மேலே இன்னொன்று அந்தப் பக்கம் என்று மாறி மாறி வந்தால் அது ஹனிசக்கிள் இல்லை. ஃபென்களில் புகுந்து தொல்லை தரும் பளபளப்பு பக்தார்ன் இந்த இடத்திலேயே கழன்றுவிடும். அதன் இலைகள் பெரும்பாலும் மாறி மாறித்தான் வரும்.

அடுத்து இலை ஓரம். ஹனிசக்கிள் இலையின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்காது. பல் இருந்தால் அது டியர்வில்லாவாக இருக்கலாம். அதையும் இங்கே "புஷ் ஹனிசக்கிள்" என்றே கூப்பிடுகிறார்கள், ஆனால் லோனிசெரா இல்லை. சதைப்பழம் வராது, உலர்ந்த காய்தான் வரும். வளர்வதும் பெரும்பாலும் காய்ந்த, பாறை கலந்த மேட்டு நிலத்தில்.

மிகவும் ஏமாற்றுவது சிவப்புத் தண்டு டாக்வுட். எதிரெதிர் இலை, பல் இல்லாத ஓரம், ஈரநிலம் என்று எல்லாம் பொருந்தும். ஒரு இலையைக் குறுக்கே மெதுவாகக் கிழித்து, இரண்டு துண்டுகளையும் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். நரம்புகளிலிருந்து சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் நீண்டு, கீழ்த்துண்டு அதில் தொங்கினால் அது டாக்வுட். ஹனிசக்கிள் இலை சும்மா கிழிந்துவிடும். டாக்வுட்டின் பக்க நரம்புகள் வில்லாக வளைந்து இலை நுனியை நோக்கி ஓடுவதையும் கவனிக்கலாம்.

குச்சியை வெட்டிப் பார்க்கச் சொல்கிறார்களே, அது என்ன சோதனை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மரத்தண்டின் நடுவே மெத்தென்ற ஒரு பகுதி இருக்குமே, பள்ளியில் "பித்" என்று படித்திருப்போம். இந்தப் பகுதியில் இயற்கையாக வளரும் ஹனிசக்கிள் குத்துச்செடிகளுக்கு அந்த பித் வெள்ளையாக, இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிவிட்ட நான்குக்கு, அதாவது டாட்டாரியன், மாரோ, அமூர், பெல் ஹனிசக்கிள்களுக்கு, பித் பழுப்பாக மாறி நடுவில் குழாய் போலத் துளை விழுந்திருக்கும்.

செய்யும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கணுவின் மீது வெட்டக் கூடாது. இலைகள் கிளம்பும் அந்த முடிச்சில் அயல் செடிக்கும் கெட்டியாகத்தான் இருக்கும்; அதைப் பார்த்து "உள்ளூர்ச் செடி" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்ட வேண்டும். அதேபோல இந்த வருடம் விட்ட பச்சைத் துளிரில் வெட்டாதீர்கள், துளை இன்னும் விழுந்திருக்காது. பென்சில் பருமனுக்குச் சற்றுக் குறைவான, பட்டை கட்டிய, போன வருடத்தையோ அதற்கு முந்தைய வருடத்தையோ சேர்ந்த குச்சி போதும். கூர்மையான கத்தரியால் சற்றுச் சாய்வாக வெட்டினால் நடுப்பகுதி நீளமாகத் தெரியும். மழுங்கிய கத்தரி குச்சியை நசுக்கிவிடும். அப்புறம் துளை இருந்தாலும் மூடிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் அதே செடியில் வேறொரு கிளையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த விதி குத்துச்செடிகளுக்கு மட்டும்தான். உள்ளூரில் கொடியாக ஏறும் ஹனிசக்கிள்களும் உண்டு. அவற்றில் பூங்கொத்துக்குக் கீழே உள்ள கடைசி ஜோடி இலைகள் ஒன்றாக ஒட்டி, தண்டு நடுவில் துளைத்துக்கொண்டு போவது போலிருக்கும். அந்த அமைப்பைப் பார்த்தால் பித் சோதனையையே விட்டுவிடுங்கள்.

வெட்டுவதற்கு அனுமதி இல்லாத இடம் என்றால் தரையில் கிடக்கும் ஒடிந்த குச்சி போதும். பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது என்று விதி இருக்கும். அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பித் கெட்டியாக இருக்கிறது. அப்படியானால் இது சதுப்பு ஹனிசக்கிள்தானே?

அவசரம் வேண்டாம். உள்ளூர்ச் செடி என்பதுதான் இப்போது உறுதி. எந்த உள்ளூர்ச் செடி என்பது அடுத்த கேள்வி. ஒன்டாரியோவில் மூன்று பேரை ஒதுக்கினால்தான் இதற்கு வர முடியும்.

கனடா ஃபிளை ஹனிசக்கிள், அதாவது லோனிசெரா கனடென்சிஸ், பெரும்பாலும் மேப்பிளும் ஹெம்லாக்கும் நிற்கும் நிழல் காட்டில் வளரும். சதுப்பின் ஓரத்திலும் சில சமயம் இறங்கி நிற்கும். இதன் இலைக்குத் தெளிவான காம்பு உண்டு, ஐந்து மில்லிமீட்டர் சுமாருக்கு. இலையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணிமை மயிர் போல ஒரு வரிசை முடி தெரியும். பூ நீண்ட புனல் வடிவம், ஐந்து இதழ்மடல்களும் ஏறக்குறைய ஒரே அளவு. பழம் சிவப்பு, இரண்டும் ஒட்டாமல் எதிரெதிர்த் திசையில் விலகி நிற்கும்.

லோனிசெரா வில்லோசா ஈரநிலத்துக்காரர்தான். பாக், ஃபென் இரண்டிலும் இருப்பார், அமில மண்ணையும் தாங்குவார். ஒரு மீட்டருக்கும் குறைவான உயரம். இலை சிறியது, நுனி மழுங்கியது, அடிப்பக்கம் முடி அடர்ந்தது. பழைய கிளையின் செம்பழுப்புப் பட்டை நாராக உரியும். பூ மஞ்சள், குட்டைக் காம்பு, இதழ்மடல்கள் சம அளவு. பழம் நீலம். பழத்தைப் பார்த்துவிட்டால் கேள்வியே இல்லை.

ட்வின்பெர்ரி எனப்படும் லோனிசெரா இன்வாலுக்ரேட்டா மேற்கு மாகாணங்களில் சாதாரணம். ஒன்டாரியோவில் சுப்பீரியர் ஏரிப் பக்கமும் வடக்கேயும்தான். இரண்டு பூக்களையும் தாங்கி அகலமான பூவடிச்செதில்கள் இருக்கும். பழம் கறுத்துப் பளபளக்கும்போது அவை கருஞ்சிவப்பாகிவிடும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது நம் செடி. இலை நீள்சதுரம் கலந்த நீள்வட்டம், மூன்றிலிருந்து எட்டு சென்டிமீட்டர் நீளம். நுனி கூராக நீளாது. நிறத்தில் லேசான நீலச் சாம்பல் கலந்த பச்சை. இளம் இலையின் அடியில் மென்முடி இருக்கும், வயதாக ஆகக் குறையும். காம்பு கிட்டத்தட்ட இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், இலை தண்டில் உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலையும் தண்டும் சேரும் மூலையிலிருந்து, மெல்லிய நீண்ட காம்பு ஒன்று கிளம்பும், இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இருக்கும். அதன் நுனியில் ஒரு ஜோடிப் பூ. வெளிர் மஞ்சள் அல்லது மஞ்சள் கலந்த வெள்ளை. பூ நன்றாக ஈருதடாகப் பிரிந்திருக்கும்: மேலுதடு அகலம், அதன் விளிம்பில் மேலோட்டமாக நான்கு வெட்டு, கீழுதடு குறுகலாக ஒற்றை நாக்குப் போல மடங்கித் தொங்கும்.

சுருக்கிச் சொன்னால் குட்டை இலைக்காம்பு, நீண்ட பூக்காம்பு, ஈருதட்டுப் பூ. மூன்றும் சேர்ந்து, பித்தும் கெட்டியாக இருந்தால் சதுப்பு ஹனிசக்கிள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அயல் ஹனிசக்கிள் பூவும் ஈருதடு போலத்தானே இருக்கிறது?

ஆமாம், ஆனால் மேலுதட்டை உற்றுப் பாருங்கள். டாட்டாரியன், மாரோ, பெல் மூன்றிலும் மேலுதட்டின் வெட்டுகள் ஆழமாக, கிட்டத்தட்ட அடிவரை இறங்கும். இதழ்கள் தனித்தனி விரல்களாகப் பிரிந்து நிற்கும். சதுப்பு ஹனிசக்கிளில் வெட்டு மேலோட்டம்தான். நிறமும் கை கொடுக்கும்: டாட்டாரியன் பூ இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை, மாரோ வெள்ளையாகத் திறந்து மஞ்சளாக மாறும், பெல் என்பது இந்த இரண்டின் கலப்பினம் என்பதால் இரண்டு குணமும் கலந்து வரும். அமூர் பூவுக்குக் காம்பே இல்லாதது போல இலைக்கக்கத்தோடு ஒட்டியிருக்கும், இலையின் நுனி வால் போல நீளும்.

சாதாரணக் கைலென்ஸ் ஒன்று பையில் இருந்தால் இதெல்லாம் ஒரு நிமிட வேலை.

எந்த மாதம் போனால் சுலபம்?

பூவுக்கு மே கடைசி, ஜூன். பழத்துக்கு ஜூலை, ஆகஸ்ட். நான் சிபாரிசு செய்வது ஜூன் முதல் பாதி. கறுப்பு ஈயும் கொசுவும் சேர்ந்து பிடுங்கும் நேரம் அதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பூவும் பழமும் இல்லாத நாட்களில் இன்னொரு குறிப்பு உண்டு. அயல் ஹனிசக்கிள்கள் வசந்தத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்க்கும். இலையுதிர்காலத்தில் காடே மொட்டையான பிறகும், நவம்பர் வரைகூட, பச்சையாக நிற்கும். நவம்பர் நடைப்பயணத்தில் தூரத்திலிருந்தே பச்சைப் புதர்கள் தெரிந்தால் அவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். குறிப்புத்தான், தீர்ப்பு அல்ல. பக்கத்தில் போய் குச்சியைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டு பழம் ஒட்டிப்பிறந்தது போல இருக்கிறதே, நோயா?

நோய் இல்லை. ஹனிசக்கிள் குத்துச்செடிகளில் பூ ஜோடியாக வருவதால் பழமும் ஜோடி. சதுப்பு ஹனிசக்கிளில் அந்த இரண்டு சூலகங்களும் சில சமயம் தனித்தனியாக இருக்கும், சில சமயம் பாதிவரை ஒட்டும், சில சமயம் முழுதாகச் சேர்ந்து ஒரே பழம் போலாகிவிடும். அப்படிச் சேர்ந்த பழத்தின் தலையில் பூ இருந்த தழும்பு இரண்டு தெரியும். ஒரே செடியில் இந்த வகைகளைக் கலந்து பார்த்தாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நிறம் ஆரஞ்சிலிருந்து ஆழ்ந்த சிவப்பு வரை.

லோனிசெரா வில்லோசாவின் நீலப் பழத்திலும் இரண்டு தழும்பு தெரியும், ஆனால் காரணம் வேறு. அங்கே சூலகங்கள் ஒட்டுவதில்லை. அவற்றைச் சுற்றியிருக்கும் சின்னச் செதில்கள் ஒன்றாக இணைந்து இரண்டையும் ஒரு பைக்குள் வைத்து மூடிவிடுகின்றன. பழம் என்று நாம் பறிப்பது அந்தப் பையையும் சேர்த்துத்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு உருண்டை தெரியும்.

பழத்தைச் சாப்பிடலாமா?

சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிற ஹனிசக்கிள் பழம் எதையும் வாயில் போடாதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிவப்பாக, ஜூஸாக, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். வயிற்றைப் புரட்டும், வாந்தி, பேதி வரும்.

நீலப் பழம் வேறு கதை. லோனிசெரா வில்லோசாவும் கடைகளில் ஹாஸ்கப் என்று விற்பதும் நெருங்கிய சொந்தம். சஸ்கட்செவான் பல்கலைக்கழகத்தில் பாப் பார்ஸ் தலைமையில் ஹாஸ்கப் ரகங்களை உருவாக்கினார்கள். டண்ட்ரா, பொரியாலிஸ் என்ற ரகங்கள் 2007-ல் வெளிவந்தன. புளிப்பும் இனிப்புமாக இருக்கும், ஜாம் நன்றாக வரும். ஆனால் காட்டில் நீலமாகத் தெரியும் எல்லாமே இது இல்லை. செடியை முழுக்க அடையாளம் கண்ட பிறகுதான் பழத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சதுப்புக்குள் நிற்கிறது என்றாலே உள்ளூர்ச் செடி என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பறவைகள் பழத்தைத் தின்று எச்சத்தில் விதையைக் கொண்டுபோய்ப் போடுகின்றன. அவற்றுக்கு மேடு, சதுப்பு என்ற கணக்கெல்லாம் இல்லை. மாரோவும் பெல்லும் ஃபென்களின் ஓரத்தில் நன்றாகவே வேர்பிடிக்கும், கொஞ்சம் காய்ந்துவிட்ட சதுப்பென்றால் உள்ளேயும் வரும். தோட்டத்து ஓரத்தில் நிற்பது அயல், சதுப்பில் நிற்பது உள்ளூர் என்று இடத்தை வைத்துச் சொல்லும் குறுக்குவழி இரண்டு பக்கமும் தப்பாக முடிகிறது.

இந்த அயல் ஹனிசக்கிள்கள் எப்படி இங்கே வந்தன?

நாமே கூப்பிட்டுத்தான். டாட்டாரியன் அலங்காரச் செடியாக 1752-லேயே வட அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. மாரோ ஜப்பானிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. அமூர் ஹனிசக்கிளை 1896-ல் ஒட்டாவாவின் டொமினியன் ஆர்பரீட்டம் என்ற மரப்பூங்காவில் நட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நியூயார்க் தாவரவியல் பூங்காவிலும் வந்தது. அழகு, பறவைகளுக்குத் தீனி, மண்ணரிப்புத் தடுப்பு என்று பல காரணம் சொல்லி நர்சரிகளும் அரசுத் துறைகளும் பரப்பின. இன்று அவற்றை வெட்டவும் ஆள் சேர்க்கிறார்கள்.

சீக்கிரம் துளிர்த்து, தாமதமாக உதிர்ப்பதால் கீழே இருக்கும் வசந்தகால மலர்களுக்கு வெளிச்சம் கிடைக்காமல் போகிறது என்பதுதான் முக்கியப் புகார்.

கதையில் ஒரு விநோதமும் உண்டு. சீடர் வாக்ஸ்விங் என்ற பறவையின் வால் நுனி மஞ்சள் பட்டையாக இருக்கும். 1960-களிலிருந்து ஆரஞ்சு நுனி கொண்ட பறவைகள் தென்படத் தொடங்கின. இறகு முளைக்கும் நேரத்தில் மாரோ ஹனிசக்கிள் பழத்தைத் தின்றால் அதிலுள்ள ரோடோசாந்தின் என்ற நிறமி இறகில் சேர்ந்துவிடுகிறது, அதுதான் காரணம். ஆரஞ்சு வால் பறவையைப் பார்த்தால் அது எதைத் தின்று வளர்ந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

உள்ளூர்ச் செடியால் யாருக்குப் பயன்?

பூவுக்கு பம்பிள் தேனீக்கள் வரும். ஸ்னோபெர்ரி கிளியர்விங் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் ஹனிசக்கிள் இலையைத் தின்று வளர்பவை. வளர்ந்த பூச்சி பகலில் பறக்கும், இறக்கையில் பாதி கண்ணாடி போலிருக்கும், பார்ப்பவர்கள் பெரிய தேனீ என்றே நினைப்பார்கள். பழம் பறவைகளுக்கு.

ஆப்பில் படம் எடுத்துப் போட்டால் சரியான பெயர் வருமா?

ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றில் "லோனிசெரா" வரை பெரும்பாலும் சரியாக வரும். அதற்குமேல் எந்த இனம் என்று அது சொல்வதை ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமாகப் பதிவாகியிருப்பவை அயல் செடிகள், ஆகவே இலை மட்டும் தெரியும் மங்கலான படத்துக்கு அவற்றின் பெயரே முதலில் வந்து நிற்கும்.

படத்தை எப்படி எடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அழகான பூவை மட்டும் நெருக்கமாக எடுத்துப் போடுகிறார்கள். அடையாளம் சொல்ல முன்வருபவர் கையைப் பிசைய வேண்டியதுதான். முழுச் செடி ஒரு படம், நிற்கும் இடம் தெரிய. இலையின் அடிப்பக்கம் ஒன்று. இலை தண்டோடு சேரும் இடம் நெருக்கமாக ஒன்று; காம்பின் நீளம் அதில்தான் தெரியும், பக்கத்தில் ஒரு நாணயத்தையோ விரல் நகத்தையோ வையுங்கள். பூவைப் பக்கவாட்டில் ஒன்று, பூக்காம்பும் அதில் முழுதாக வரட்டும். கடைசியாக வெட்டிய குச்சியின் முகம். இந்த ஐந்தும் இருந்தால் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பெயர் சொல்லிவிடுவார்.

பனிக்காலத்தில் முடியுமா?

முடியும், ஆனால் இனம் வரை போவது கடினம். எதிரெதிர் மொட்டுகள், மெல்லிய குச்சி, நாராக உரியும் பட்டை, போன வருட வளர்ச்சியின் அடியில் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய மொட்டுச் செதில்கள் இவை ஹனிசக்கிளைக் காட்டும். பித் சோதனை பனிக்காலத்திலும் அப்படியே செல்லும். அயலா உள்ளூரா என்பதுவரை சொல்லிவிட்டு, மீதியை ஜூனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சதுப்புக்குள் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விஷ சுமாக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். தெற்கு ஒன்டாரியோவின் இதே மாதிரியான ஈரநிலங்களில் வளரும். ஒரு காம்பில் ஏழு முதல் பதின்மூன்று சிற்றிலைகள், காம்பு பெரும்பாலும் சிவப்பு, பழம் வெளிறிய நிறத்தில் கொத்தாகத் தொங்கும். தொட்டாலே தோல் கொப்பளிக்கும். விஷ ஐவியைவிட மோசம் என்றே அனுபவசாலிகள் சொல்வார்கள்.

கருங்கால் உண்ணிகள் லைம் நோயைப் பரப்புபவை. வெப்பநிலை நான்கு டிகிரியைத் தாண்டினாலே நடமாடத் தொடங்கிவிடும். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

ஃபென்னின் தரை கெட்டியாகத் தெரிந்தாலும் பல இடங்களில் நீரின் மேல் கிடக்கும் வேர்ப்பின்னல்தான். மிதித்த தடம் பல வருடம் மாறாமல் இருக்கும். பலகைப் பாதை இருந்தால் அதை விட்டு இறங்காதீர்கள்.

ஒரு செடியைப் பிடுங்கி வந்து வீட்டில் நடலாமா?

வேண்டாம். பெரும்பாலான இடங்களில் சட்டப்படியும் முடியாது. பிடுங்கினாலும் சுண்ணாம்பு நீர் ஊறும் மண்ணிலிருந்து புறநகர்த் தோட்டத்துக்கு வந்தால் பிழைப்பது சந்தேகம். தோட்டத்தில் ஈரமான மூலை இருந்து, ஆசையும் இருந்தால், உள்ளூர்ச் செடி மட்டும் விற்கும் நர்சரியில் கேளுங்கள். லேபிளில் "ஹனிசக்கிள்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். லத்தீன் பெயர் முழுதாக எழுதியிருக்க வேண்டும். சதுப்பு ஹனிசக்கிள் கிடைப்பது அரிது. ஹாஸ்கப் கன்றுகள் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் மூதாதைகளில் ரஷ்ய, ஜப்பானிய ரகங்கள் கலந்திருக்கின்றன. பழத்துக்கு நடுங்கள், உள்ளூர்ச் செடி என்று கணக்கில் எழுதாதீர்கள்.

வெட்டும் நாளில் சந்தேகமான செடி ஒன்று வந்துவிட்டால்?

கூட்டத்தை நடத்துபவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் ஒரு கிளையில் நாடா கட்டி, இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த புதருக்குப் போங்கள். அயல் செடி என்றால் இன்னும் சில வாரம் நிற்பதால் பெரிய நஷ்டம் இல்லை, எப்படியும் சுற்றிலும் நூறு நிற்கும். ஜூனில் பூத்ததும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் லோனிசெரா உண்டா?

சதுப்பு ஹனிசக்கிள் இல்லை, ஆனால் அதன் சொந்தக்காரர்கள் உண்டு. நீலகிரிப் பக்கம் சோலைக்காட்டு ஓரங்களில் ஏறும் லோனிசெரா லெஷனால்ட்டியை ஊட்டிப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாகும் கொடி. சின்ன இலைகள் கொண்ட லோனிசெரா லிகஸ்ட்ரினா குத்துச்செடியாக வளரும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எதிரெதிர் இலையும் ஜோடிப் பூவும் இருக்கிறதா என்று பாருங்கள்.